இருபத்தேழு வயதில் அடங்கிய குரல்

தலைவன் மாய்ந்தபோது அவனைச் சார்ந்து வாழ்ந்தோர் செயலற்று நின்று இரங்கிப் பாடுவதைக் கையறுநிலை என்று நம் இலக்கணம் வகுத்தது. பாரிக்காகக் கபிலரும் அதியமானுக்காக ஔவையாரும் பாடியவற்றை ஆண்டுதோறும் வகுப்பறையிற் சொல்லிக் கொடுத்து வருகின்றோம். அப்பாட்டுக்களிற் பெரும்பாலானவை, கொடுத்தவனை நினைந்து பெற்றவன் அழுதவை. பாடியவன் இறந்தாற் கேட்டவன் எப்படி அழுவது? பாணனும் பொருநனும் கூத்தனும் விறலியும் ஆற்றுப்படை நூல்களில் இன்றும் வழிநடந்துகொண்டேயிருக்கின்றனர். அவர்கள் எந்த ஊரில், எந்த மரநிழலில் மாண்டனர் என்பதை எவரும் எழுதி வைத்தாரில்லை.

இக்காலத்து நிலை வேறு. பாட்டும் கூத்தும் வல்லார் ஒருவர் இறந்தாரெனின் நாடே திரண்டு தெருவுக்கு வருகிறது. 1926 ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் வலன்ரீனோ என்னும் ஊமைப்பட நடிகர் தம் 31 ஆம் வயதில் நியூயோர்க்கில் இறந்தபோது, அவர் முகத்தை இறுதியாக ஒருமுறை பார்க்க வந்த கூட்டம் கண்ணாடிச் சாளரங்களை உடைத்துக்கொண்டு உட்புகுந்தது. நம் நாட்டில், தமிழ்க் கிறித்தவக் குடும்பத்திற் பிறந்து சிங்கள மக்களின் பெருங்காதலுக்குரிய பாடகியாய் விளங்கிய ருக்மணி தேவி 1978 ஒக்டோபர் 28 இல் வீதி விபத்தில் மாண்டபோது, இனம் மொழி பாராது மக்கள் அழுதனர். 2020 செப்டெம்பரில் எஸ். பி. பாலசுப்பிரமணியம் மறைந்தபோதோ, கொள்ளைநோய்க் காலமாதலால் கூட்டங்கூட இயலாமல் மக்கள் தத்தம் வீட்டிலிருந்தே அவர் பாட்டைக் கேட்டு இரங்கினர்.

இத்தகைய செய்திகளைக் கேட்கும்போதெல்லாம் என் நினைவுக்கு வருபவர் ஒருவர் உண்டு. அவர் முகம் அசைந்ததை நான் கண்டதில்லை. என் வயதினர் எவரும் கண்டதில்லை. அவர்தாம் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா.

செங்கோட்டை அக்காலத்தில் திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்திருந்த ஊர். 1956 இலேதான் அது சென்னை மாநிலத்துடன் இணைந்தது. அவ்வூரிற் கங்காதர ஐயர், மீனாட்சி அம்மாள் என்பார்க்கு மகனாக 1906 ஆகத்து 25 ஆம் நாள் கிட்டப்பா பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் இராமகிருட்டிணன். பிள்ளைகள் பலர், வருவாய் சிறிது. தமையன்மார் நாடகக் கம்பெனியிற் சேர, அவர்களைத் தொடர்ந்து இவரும் பால்மணம் மாறாப் பருவத்திலேயே மேடை ஏறினார். பள்ளிக்கூடத்தில் அரிச்சுவடி எழுத வேண்டிய வயதில் முகத்தில் அரிதாரம் பூசினார் என்று சுருங்கச் சொல்லலாம். வறுமைதான் இவரைக் கலைக்குக் கொடுத்தது. அதை எண்ணி மகிழ்வதா வருந்துவதா என்பது எனக்கு இன்றும் தெளிவாகவில்லை.

அக்காலத்து நாடகத் தமிழுக்கு ஆசானாயிருந்தவர் தூத்துக்குடிச் சங்கரதாச சுவாமிகள். 1867 இற் பிறந்து 1922 இல் மறைந்த அப்பெரியார் எழுதிய வள்ளி திருமணமும் பவளக்கொடியும் சத்தியவான் சாவித்திரியும் கோவலனும் தமிழகத்திலும் ஈழத்திலும் நூறாண்டாக ஆடப்பட்டு வருகின்றன. சுவாமிகளின் சமரச சன்மார்க்க நாடக சபையிற் சிறுவன் கிட்டப்பா பயின்றார். அச்சபைகளிற் பயிற்சி என்பது விளையாட்டன்று. விடியற்காலையிற் பாட்டு, பின் வசனம், பின் அடவு, இரவில் நாடகம் என்றபடி பிள்ளைகளின் நாள் கழியும். சிறுவர்க்குக் குரல் உடையும் பருவம் வந்ததென்றாற் பலருடைய மேடை வாழ்வு அன்றே முடிந்துவிடும். எத்தனையோ பிள்ளைகள் அவ்வாறு பெயரின்றிப் போயினர். கிட்டப்பாவின் குரலோ அப்பருவத்தைக் கடந்தும் உயரம் குன்றாமல் நின்றது. ஆண்மையின் அழுத்தமும் பிள்ளைக் குரலின் உச்சமும் ஒருங்கே அமைந்த அரிய சாரீரம் அது. பின்னர், காட்சி அமைப்பின் ஆரவாரத்துக்குப் பெயர்பெற்ற கன்னையா கம்பெனியிற் சேர்ந்து புகழின் உச்சியை அடைந்தார். திரைச்சீலைகளையும் தந்திரக் காட்சிகளையும் பார்க்க வந்த கூட்டம் இவர் பாட்டுக்காகத் திரும்பத் திரும்ப வந்தது.

இக்காலத்து மாணவர்க்கு ஒன்றை விளக்கிச் சொல்ல வேண்டும். அந்நாளில் ஒலிபெருக்கி இல்லை. ஆயிரம் பேர் அமர்ந்த கொட்டகையில், கடைசியில் மண்தரையில் இருக்கும் ஏழைக்கும் எழுத்துப் பிசகாமற் கேட்கும்படி நடிகன் பாட வேண்டும். ஆகையால் உரத்த சுருதியிற் பாடுவது பகட்டன்று, தொழிலின் தேவை. கிட்டப்பா ஐந்து கட்டைச் சுருதியில் நின்று, அதற்கு மேலும் எளிதாகச் சஞ்சரிப்பார் என்பர். இரவு பத்து மணி அளவில் தொடங்கும் நாடகம் கிழக்கு வெளுக்கும்போதுதான் முடியும். இடையே நாடகக் கதைக்கு ஒட்டினும் ஒட்டாவிட்டாலும் தியாகராசர் கீர்த்தனை ஒன்றை எடுத்து விரித்துப் பாடுவார். கச்சேரி வித்துவான்களும் சீட்டு வாங்கிக்கொண்டு வந்து கேட்டனர். முருகன் வேடத்தில் நிற்பவர் தெலுங்குக் கீர்த்தனை பாடுவது நாடக முறைக்குப் பொருந்துமா என்று என்போன்ற பண்டிதன் கேட்கலாம். பொருந்தாதுதான். ஆயினும் அந்தக் கொட்டகையில் நான் இருந்திருந்தால் அக்கேள்வியை வாய்திறந்து கேட்டிருக்க மாட்டேன்.

பாட்டு முடிந்ததும் ஒன்ஸ்மோர் என்னும் கூச்சல் எழும். அதைக் கேட்டு மறுமுறையும் பாடாவிட்டால் நாடகம் மேலே நடவாது. மறுமுறை பாடினால் மூன்றாம் முறையும் அக்கூச்சல் எழும். இவ்வாறு ஓர் ஊரில் ஓர் இரவு. மறுநாட் புகைவண்டியில் உறக்கம். அடுத்த ஊரில் அடுத்த இரவு. சீட்டுக்குக் கொடுத்த காசின் பெறுமதியைக் கடைசித் துளிவரை பிழிந்தெடுத்தே கூட்டம் எழுந்து போயிற்று. அவரைக் கொன்றது நோய் என்று எழுதுகின்றனர். அந்நோய்க்கு நாட்டம் கொண்ட கூட்டமும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

இவர் வாழ்வின் பெரிய திருப்பம் நம் இலங்கையில் நிகழ்ந்தது. கொடுமுடியில் 1908 இற் பிறந்த சுந்தராம்பாள், வறுமையால் இளமையிலேயே பாடிப் பிழைக்கப் புகுந்து, நாடகக் கம்பெனியிற் சேர்ந்து, கொழும்பு மேடையிற் பேரும் புகழும் பெற்றிருந்தார். இரு பெருங் குரல்களை ஒரே மேடையில் மோதவிட்டுப் பார்க்க வேண்டுமென்ற ஆசை நாடகம் நடத்துவோர்க்கு உண்டாயிற்று. தனித்தனி நடிகரை ஓரிரவுக்கு ஒப்பந்தம் செய்து கூட்டி நடத்தும் ஸ்பெஷல் நாடகத்தின் சுவையே அந்த மோதலில் இருந்தது. 1926 இற் கிட்டப்பா கொழும்புக்கு வந்தார். அவரோடு நின்று பாடினால் அந்தப் பெண்ணின் பெயர் கெட்டுவிடும் என்று சிலர் அச்சமூட்டியதாகச் சொல்லப்படுகிறது. சுந்தராம்பாள் அஞ்சவில்லை. வள்ளி திருமணத்தில் வேடனாக வந்த கிட்டப்பாவும் தினைப்புனம் காத்த சுந்தராம்பாளும் தர்க்கத்திலும் பாட்டிலும் ஒருவரையொருவர் விஞ்ச முயன்றனர், இருவரும் தோற்கவில்லை. மோத வைத்தவர்கள் எதிர்பாராத விளைவாக, அவ்விருவர் உள்ளங்களும் ஒன்றுபட்டன.

கிட்டப்பா அதற்கு முன்னரே மணமானவர். ஆதலின் இவ்வுறவு தொடக்கம் முதலே இடர்ப்பாடு உடையதாயிற்று. ஆயினும் இருவரும் கணவனும் மனைவியுமாயினர். இணைந்து ஊர் ஊராக நடித்தனர். தேசிய இயக்கம் ஓங்கிய காலமாதலாற் கதர் உடுத்தினர். மேடையில் நாட்டுப்பற்றுப் பாடல்களையும் பாடினர். ஒரு குழந்தை பிறந்து மறைந்தது. பிணக்கு வந்தது, பிரிவும் வந்தது. பிரிந்திருந்த நாளிற் சுந்தராம்பாள் எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் அச்சேறிவிட்டன. ஒருவர் மற்றொருவர்க்கு எழுதிய முடங்கலை மூன்றாமவர் எடுத்து விளக்கம் எழுதுவது முறையன்று என்பது என் கருத்து. ஆகையால் அவற்றைப் பற்றி யாதும் கூறாது விடுகிறேன்.

ஓயாத இரவு விழிப்பும், அதைத் தாங்குவதற்கென்று பற்றிக்கொண்ட குடிப்பழக்கமும், வயிற்று நோயும் அவர் உடம்பை அரித்தன. 1933 திசம்பர் 2 ஆம் நாள் கிட்டப்பா இறந்தார். அப்போது அவர்க்கு வயது 27.

தமிழிற் பேசும் படம் வந்து அன்றைக்கு இரண்டாண்டே ஆகியிருந்தது. முதற் படமாகிய காளிதாசு 1931 இல் வெளியாயிற்று. கிட்டப்பா எப்படத்திலும் தோன்றவில்லை. இன்னும் சில ஆண்டு வாழ்ந்திருப்பாராயின் என்று எண்ணாத இசைப்பித்தர் இல்லை. அவர் மறைந்த அடுத்த ஆண்டில், 1934 இல், பவளக்கொடிப் படத்தின் மூலம் திரைக்கு வந்த தியாகராச பாகவதர், கிட்டப்பா வெட்டிச் சென்ற வழியிலேதான் உயர்ந்த சுருதியிற் பாடி நாட்டை ஆண்டார். அப்பாகவதரும் கொலைவழக்கொன்றிற் சிக்கிச் சிறையிருந்து, வழக்கிலிருந்து விடுபட்டும் பழைய நிலையை எய்தாது, 1959 நவம்பர் முதலாம் நாள் 50 வயது நிரம்புமுன்னே மாண்டார். கிட்டப்பா இளமையில் இறந்தார். ஆகையால் மக்கள் அவரை மறக்க நேர்ந்ததை அவர் காணவில்லை. பாகவதர் அதனைக் கண்டு இறந்தார். எது கொடிது என்று எனக்குத் தோன்றுவதை எழுத மனம் வரவில்லை.

எஞ்சியவை இசைத்தட்டுக்கள். அக்காலத்து அரக்குத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்றே மேற்பட்ட நேரந்தான் பாடும். ஓர் இராகத்தை அரைமணி நேரம் ஆள வல்ல ஒருவர், அம்மூன்று நிமிடத்துக்குள் எல்லாவற்றையும் அடக்க வேண்டியிருந்தது. அதனாற்போலும், அத்தட்டுக்களில் ஓர் அவசரம் தெரிகிறது. பல்லவி முடிந்து மூச்சு வாங்குமுன்னரே அடுத்த அடியை எடுத்துவிடுகிறார். என் இளமையில், எங்கள் அம்மான் வீட்டிற் கையாற் சுற்றி முடுக்கும் கிராமபோன் ஒன்று இருந்தது. வள்ளலாரின் அருட்பா ஒன்றைக் கிட்டப்பா பாடிய தட்டை அம்மான் வெள்ளிக்கிழமை மாலைகளில் வைப்பார். தட்டில் ஓரிடத்திற் கீறல். முள் அங்கு வந்ததும் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லும். அம்மான் சுண்டுவிரலால் முள்ளை மெல்லத் தூக்கி அடுத்த வரையில் வைப்பார். அந்தத் தடங்கலும் பாட்டின் ஒரு பகுதியென்றே நான் நெடுநாள் எண்ணியிருந்தேன்.

கிட்டப்பாவுக்காக நாடு எவ்வளவு நாள் அழுதது என்பதை அளந்து சொல்வாரில்லை. ஒருவர் அழுத காலத்தை அளக்கலாம். கணவர் இறந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது 25. அன்று வெள்ளை உடை தரித்தார். 1980 இல் தாம் இறக்கும்வரை 47 ஆண்டுகள் அதனைக் களையவில்லை. இனி எந்த ஆடவனோடும் இணையாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். மேடையை விட்டொதுங்கியிருந்த அவரை மீண்டும் நடிக்க அழைத்தனர். 1935 இல் வெளிவந்த பக்த நந்தனார் படத்திற்கு அவர் பெற்ற ஊதியம் ஓர் இலட்சம் ரூபாய். அந்நாளிற் கேட்டறியாத தொகை அது. அப்படத்தில் அவர் ஏற்றது நந்தனார் வேடமே. ஆணோடு இணைந்து நடிக்க மறுத்த பெண், ஆணாகவே நடித்தார்.

பின்னர் மணிமேகலை ஆனார், துறவுக்கோலம். 1953 இல் ஔவையார் ஆனார்; நரைமூதாட்டியின் கோலம். சங்க காலத்து ஔவையார் வேறு, அப்படத்துக்கு வாய்த்த பிற்கால ஔவையார் வேறு என்பதை மாணவர் நினைவிற்கொள்க. ஆயினும் அதியமானுக்குக் கையறுநிலை பாடியவரின் பெயரைத் தாங்கி, வெள்ளுடையோடு, கோலூன்றி, அந்தப் பெருங்குரலை எழுப்பி நின்றவரைத் திரையிற் பார்த்தபோது, அவ்விரு ஔவையாரும் ஒருவரே என்று கொண்ட பாமரரின் பிழையை என்னால் மன்னிக்க முடிந்தது. கொட்டகையில் அழுதவர்கள் நடிப்பைக் கண்டு அழுதனர். அவ்வுடை நடிப்புக்காகத் தைத்ததன்று என்பதை அவர்களிற் பலர் அறிந்தேயிருந்தனர்.

இங்கே மற்றொரு சாவையும் குறிப்பிடாமற் செல்ல முடியவில்லை. நாவிதர் குலத்திற் பிறந்து, நாட்டு விடுதலைப் பாட்டைப் பாடியதற்காகப் பலமுறை சிறைசென்ற எஸ். எஸ். விசுவநாததாசு, 1940 திசம்பர் 31 ஆம் நாள் சென்னையில் வள்ளி திருமணம் நாடகத்தில் முருகனாக மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர்நீத்தார். முருகன் வேடத்தில் இருந்தவரை மேடைக்குக் கீழே நின்று வணங்கிய கூட்டம், வேடம் கலைந்தபின் எந்தத் திண்ணையில் உட்காரவைத்தது என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். அவருடைய சாதியைக் காரணங்காட்டி அவரோடு இணைந்து நடிக்க மறுத்த நடிகையரும் இருந்தனர்.

இவ்வளவும் கடல்கடந்த செய்திதானே என்று யாழ்ப்பாணத்து வாசகர் இருந்துவிட முடியாது. தென்னிந்தியக் கம்பெனிகள் இங்கு வந்து தகரக் கொட்டகைகளில் ஆடிய நாடகங்களைப் பார்த்துப் பழகியே நம்மவரின் இசை நாடகம் வளர்ந்தது. கொட்டகைக் கூத்து என்று சற்றே இளக்காரமாக அதனைச் சொல்லும் வழக்கமும் நம்மிடையே உண்டு. கலையரசு சொர்ணலிங்கம் தம் மேடை வாழ்வைத் தாமே ஈழத்தில் நாடகமும் நானும் என்னும் நூலாக எழுதி வைத்தார். அது நாம் செய்த பேறு. எழுதி வைக்காது போனவர் எத்தனை பேர்! சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை அடியார்க்கு நல்லார் உரையோடு வரிக்கு வரி சொல்லக்கூடிய பண்டிதர் பலரிடம் நான் பாடங்கேட்டேன். ஆடலாசிரியன் இலக்கணம் என்ன, இசையோன் இலக்கணம் என்ன, அரங்கின் நீளம் எத்தனை கோல் என்று கேட்டாற் கண்மூடித் திறப்பதற்குள் விடை வரும். அதே பெரியோர்கள், தம் ஊர்க் கோயில் வெளிவீதியில் ஆர்மோனியம் ஒலித்த இரவுகளிற் கதவைச் சாத்திக்கொண்டு உறங்கினர்.

எனக்குப் பத்து வயதிருக்கும். ஆச்சியோடு ஒரு திருவிழாவுக்குப் போய், சாக்கு விரித்து அமர்ந்து, நடிகமணி வி. வி. வைரமுத்துவின் அரிச்சந்திர மயான காண்டம் பார்த்தேன். இறந்த மகனைத் தூக்கிவரும் சந்திரமதியிடம் சுடலை காப்பவன் கூலி கேட்கிறான். தன் மனைவியென்று அவனுக்குத் தெரியாது. தெரிந்த நமக்கோ நெஞ்சு பொறுக்கவில்லை. சுற்றியிருந்த பெண்களெல்லாம் தலைப்பில் முகத்தைப் புதைத்து அழுதனர். ஆச்சி அதை எத்தனையாவது தடவையாகப் பார்த்தார் என்பதை அவரே அறியார். அன்றும் முதன்முறை பார்ப்பவர்போல அழுதார். மறுநாள் வகுப்பில் தூங்கி விழுந்தேன். காரணத்தை உசாவிய ஆசிரியர், கூத்துப் பார்ப்பவனுக்குத் தமிழ் எதற்கென்று கடிந்து பெஞ்சின்மேல் ஏற்றினார். அன்றிலிருந்து கூத்துப் பார்க்கும் ஆசையை நான் மறைக்கக் கற்றுக்கொண்டேன். பின்னர், மறைப்பதே பழகி, ஆசையும் குறைந்தது.

வைரமுத்து 1924 இற் காங்கேசன்துறையிற் பிறந்தவர். வசந்த கான சபாவை அமைத்து, ஆயிரக்கணக்கான இரவுகள் அந்த மயான காண்டத்தை ஆடியவர். அவரும் உயர்ந்த சுருதியிற் பாடியவரே. 1989 யூலை 8 ஆம் நாள் அவர் காலமானார். துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவே ஊர் வாழ்ந்த காலம் அது. நான் அப்போது பண்டிதப் பரீட்சைக்காக நன்னூற் சூத்திரங்களை மனனஞ் செய்துகொண்டிருந்தேன். செய்தி கேட்டதும் ஆச்சி விளக்கேற்றி வைத்துவிட்டு வெகுநேரம் பேசாதிருந்தார். நான் புத்தகத்திலிருந்து கண்ணெடுத்து ஆச்சியைப் பார்த்துவிட்டு மறுபடி படிக்கத் தொடங்கினேன். மறு ஆண்டிற் காங்கேசன்துறை மக்கள் ஊரைவிட்டு வெளியேறினர். இருபது ஆண்டுக்கு மேலாக அங்கு எவரும் திரும்பிப் போக முடியவில்லை. அவர் பாடிய வெளிவீதிகளிற் புல்லும் பற்றையும் மூடின. ஆச்சியும் இடம்பெயர்ந்திருந்த ஊரிலேயே கண்மூடினார். வைரமுத்துவைப் பற்றி நான் எழுதும் முதற் பத்தி இதுதான்.

அண்மையில் அரங்கேற்று காதை பாடம் நடந்தபோது, இசையோன் இலக்கணம் கூறும் பகுதியில் நிறுத்தி, கைத்தொலைபேசியிற் கிட்டப்பாவின் பழைய தட்டு ஒன்றை மாணவர்க்குக் கேட்கச் செய்தேன். அம்மான் வீட்டில் ஒலித்த அதே அருட்பா. கீறல் இல்லாத வேறொரு பிரதி. முதலிற் சிலர் சிரித்தனர். இரைச்சலுக்குள்ளிருந்து குரல் மேலே ஏறத் தொடங்கியதும் சிரிப்பு அடங்கிற்று. பின் வரிசையிலிருந்த மாணவி ஒருத்தி, பாடுபவர் முதியவரா என்று வினவினாள். உன் தமையனின் வயதுதான் இருக்கும் என்றேன். அவள் சற்று நேரம் பேசாதிருந்தாள். மணி அடித்த பின்பும் எவரும் எழவில்லை. இன்னொருமுறை வைக்கும்படி கேட்டனர். வைத்தேன்.